பெயர் தெரியாத பாம்புகள்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? சென்றிராவிட்டால், ஆனி, ஆடி மாதங்களில் ஒருமுறை பகற்பொழுதில் சென்று பாருங்கள். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என ஊர்கள் பின்னோக்கி நகர, இருமருங்கிலும் உடைமரமும் பனையும் வெயிலில் வெந்து நிற்கும். முப்பந்தலில் காற்றாலைகள் சுழலும். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்த சற்று நேரத்திற்கெல்லாம் சன்னல்வழி வரும் காற்று ஈரமாகிவிடும். வயல், குளம், தென்னை, வாழை, அவற்றின் பின்னே மேகம் போர்த்திய மலை. ஒரே பயணச்சீட்டில் இரண்டு நாடுகளைக் காட்டும் வழி அது.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது கன்னியாகுமரி மாவட்டம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் பேறு அதற்கு உண்டு. வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் கைகோத்து நிற்கும் அந்த மண்ணில் தவளைக்குப் பஞ்சமில்லை. எலிக்கும் ஓணானுக்கும் பஞ்சமில்லை. ஆகவே பாம்புக்கும் பஞ்சமில்லை. மாவட்டத் தலைநகரின் பெயரே நாகராஜர் கோயிலிலிருந்து வந்தது என்றால் வேறு சாட்சி எதற்கு?

என் லாத்தாவை மணமுடித்துக் கொடுத்திருப்பது தக்கலையில். ஞானப்புகழ்ச்சி பாடிய பீர் முகம்மது அப்பா அவர்கள் வாழ்ந்து அடங்கிய ஊர். வறண்ட சீமையில் பிறந்து வளர்ந்த எனக்கு அவ்வூரின் பசுமை மீது தீராத ஆசை. அங்குள்ள பாம்புகள் மீதோ தீராத அச்சம். சென்ற முறை மழைக்காலத்தில் பத்து நாள்கள் தங்கியபோது அந்த அச்சத்தில் ஒரு பாதி நீங்கியது. மற்றொரு பாதியை வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

லாத்தா வீடு ஓடு வேய்ந்த பழைய வீடு. பின்புறம் தென்னையும் பலாவும் கமுகும், கமுகில் படர்ந்த மிளகுக் கொடியும், அதையொட்டி விறகுப்புரையும் கிணறும். நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் இரவு இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது, மின்சாரம் போய்விட்டது. குளியலறைக்குச் சென்ற என் மருமகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தான்.

“மாமா! சுவருல விரியன்!”

விளக்கைத் தூக்கிப் பார்த்தோம். செங்குத்தான சுவரில், காற்றுத் துளைக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் பருமனில் ஒரு பாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிற உடல்; குறுக்கே வெண்ணிறக் கட்டுகள். எனக்குக் கை கால் ஓடவில்லை. மச்சான் கம்பைத் தேடி எடுத்து ஓங்கிவிட்டார். அவ்வேளையில்தான் லாத்தாவின் மாமியார் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எழுபது வயதைக் கடந்தவர்கள். ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிய தகப்பனாருக்குப் பிறந்து, மலையடிவாரத்திலேயே வளர்ந்தவர்கள்.

“கம்பைத் தாழ்த்து மக்களே. முதல்ல பாரு, பொறவு அடி.”

பிறகு பேரனை அழைத்துத் தம் பின்னால் நிறுத்திக்கொண்டு, எட்ட நின்றபடியே வெளிச்சத்தைச் சுவரில் பாய்ச்சினார்கள்.

“கட்டு எங்க தொடங்குது, சொல்லு.”

“கழுத்துலயே தொடங்குது வாப்பும்மா.”

“வாலுல இருக்கா?”

சிறுவன் உற்றுப் பார்த்தான். “இல்ல. போகப் போக மங்கிப் போகுது.”

“அப்ப இது விரியன் இல்ல. பல்லி பிடிக்க வந்ததாக்கும். கதவைத் திறந்து வை, அது பாட்டுக்குப் போவும்.”

அரைமணி நேரத்தில் அது காற்றுத் துளை வழியாகத் தானே போய்விட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பது வேறு செய்தி.

அது ஓநாய்ப் பாம்பு என்று நூல்களில் எழுதப்படுவது. முன்பற்கள் சற்று நீண்டிருப்பதால் அப்பெயர். ஓநாய்க்குரிய மூர்க்கம் வேறெதுவும் அதற்கில்லை, பிடித்தால் மட்டும் கடித்துவிடும். நஞ்சு கிடையாது. ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை இருக்கும். இரவில் உலவும், சுவரேறும், பல்லியைத் தின்னும். மனிதர் வீடும் பல்லியும் பிரியாதவை ஆகையால் அதுவும் நம் வீட்டைத் தேடி வருகிறது. அதன் கெட்ட காலம், கட்டுவிரியனைப் போன்ற தோற்றம் வாய்த்திருப்பது.

இந்த இரண்டையும் பிரித்தறியும் வகையை அந்த அம்மையார் சொன்னபடியும், பின்னர் நான் நூல்களில் சரிபார்த்தபடியும் உங்களுக்குச் சொல்கிறேன். கட்டுவிரியன் பளபளக்கும் கருமை அல்லது கருநீலம். அதன் வெண்கோடுகள் மெல்லியவை. பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்தவை. கழுத்தை விட்டுச் சற்றுத் தள்ளித் தொடங்கி, வால்பக்கம் போகப் போகத் தெளிவாகும். ஓநாய்ப் பாம்புக்கு நேர்மாறு. கழுத்தருகே கட்டுகள் அகலமாகவும் தெளிவாகவும் இருந்து, வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனின் தலை உருண்டு, கழுத்தோடு கழுத்தாக இருக்கும். மற்றதன் தலை தட்டையாகி, கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். கட்டுவிரியனின் முதுகுத்தண்டின் மேல் ஓடும் செதில் வரிசை மட்டும் பெரிதாகவும் அறுகோணமாகவும் இருக்கும். ஆனால் அந்தச் செதிலை எண்ணிப் பார்க்கும் தூரத்திற்கு நீங்கள் போகவே வேண்டாம். சுவரில் ஏறி நிற்கும் பாம்பு பெரும்பாலும் கட்டுவிரியனாக இராது. “பெரும்பாலும்” என்ற சொல்லை நான் வேண்டுமென்றே போட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை, தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டி வைத்து, உங்களுக்குத் தெரிந்த பாம்புகளைச் சொல்லுங்கள் என்றேன். நல்லபாம்பு என்றார்கள், சாரை என்றார்கள், தண்ணிப்பாம்பு என்றார்கள், மலைப்பாம்பு என்றார்கள். அப்புறம்? “விரியன்!” கட்டுவிரியனா, கண்ணாடி விரியனா, சுருட்டை விரியனா என்று கேட்டால் விடையில்லை. பெயர் தெரியாத எல்லாவற்றையும் போட்டு வைக்கும் கூடையாக அந்த ஒரு சொல் இருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. நாற்பது வயது வரை என்னிடமும் அதே கூடைதான் இருந்தது. இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மை மனித உயிருக்கு ஆபத்தில்லாதவை. பெயரில்லாத குற்றத்திற்காகவே அவை நம் முற்றங்களில் அடிபட்டுச் சாகின்றன.

இதைப் பற்றி மாமியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, எனக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. வீடுகளில் காணப்படும் பாம்புகளைக் கண்டவுடன் கொல்ல வேண்டாம் என்றும் முதலில் எச்சரிக்க வேண்டும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தியும், முதுகில் இரு கோடுகள் உடையதையும் வால் குட்டையானதையும் அதிலிருந்து விலக்கிய செய்தியும் புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் வருகின்றன. எல்லாப் பாம்புகளையும் கொன்றுவந்த இப்னு உமர் (ரலி) அவர்கள், அபூலுபாபா (ரலி) அவர்களிடமிருந்து இச்செய்தியை அறிந்த பின் வீட்டுப் பாம்புகளைக் கொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். இதன் சட்ட விளக்கங்களை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது என் தகுதிக்கு மேற்பட்டது. என் மனத்தைத் தைத்தது வேறொன்று. அங்கே பாம்பு என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடியவில்லை. இன்ன அடையாளம் உடையது, இன்ன அடையாளம் இல்லாதது என்று பிரித்துச் சொல்லப்படுகிறது. முதலில் பார், பிறகு அடி என்று அந்த எழுத்தறிவு குறைந்த அம்மையார் சொன்னதும் ஏறத்தாழ அதே வழிதானே?

அடுத்த நாள்களில் மழை விட்ட இடைவெளிகளிலெல்லாம் மாமியின் வழிகாட்டுதலில் தோப்பையும் வயலையும் சுற்றி வந்தேன். நான் கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் சாரை. விறகுப்புரையில் ஒன்று பல மாதங்களாகக் குடியிருக்கிறதாம். ஏழடிக்குக் குறையாது. மஞ்சள் கலந்த பழுப்பு உடல், பெரிய வட்டக் கண், உதட்டுச் செதில்களின் ஓரத்தில் பேனாவால் இழுத்தாற்போன்ற கறுப்புக் கோடுகள். பகலில் உலவும் எலி வேட்டைக்காரன் இது. படம் எடுக்காத நல்லபாம்பும் சாரையும் தூரப் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். நல்லபாம்பு எப்போதும் படத்தை விரித்தபடியே திரிவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். சாரையின் கழுத்து தலையைவிட நன்றாக ஒடுங்கியிருக்கும். நல்லபாம்பின் தலை அவ்வளவு பிரிந்து தெரியாது, தொண்டையின் அடியில் கரும்பட்டை இருக்கும். சாரைதான் நல்லபாம்பின் ஆண் துணை என்றும், இரண்டும் பின்னிப் பிணைவதைப் பார்த்திருப்பதாகவும் சொல்வோர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பார்த்தது உண்மை; சொல்வதுதான் தவறு. அது இரண்டு ஆண் சாரைகள் வலிமை காட்டிப் போரிடும் காட்சி. மாட்டின் மடியில் பால் குடிக்கும் என்பதும் கதைதான். உறிஞ்சிக் குடிப்பதற்குரிய உதடு பாம்புக்கு இல்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் அடுத்த மனையில் வேலி திருத்தியபோது, அங்கிருந்த சாரையை அடித்துக் கொன்றுவிட்டார்களாம். அடுத்த அறுவடைக்குள் அந்த வீட்டுப் பத்தாயத்தில் எலி நுழைந்து நெல்லைப் பாழாக்கியது என்று மச்சான் சொன்னார். சாரை போனதால்தான் எலி வந்தது என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். ஆனால், அந்த வீட்டுக்காரரே இப்போது லாத்தா வீட்டு விறகுப்புரையைப் பொறாமையோடு பார்த்துவிட்டுப் போகிறார்.

சாரையைப் பற்றி இன்னொன்று. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து இலட்சக்கணக்கில் பாம்புத் தோல் வெளிநாடுகளுக்குச் சென்றது. 1976இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பிழைப்பை இழந்த இருளர் மக்களுக்காக 1978இல் சென்னைக்குத் தெற்கே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று பாம்புக்கடி மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை அவர்களே எடுத்துத் தருகிறார்கள். எடுத்த பின் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகித் தொல்லை தந்த மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாம் ஒதுக்கும் மக்களிடம் எவ்வளவு கல்வி அடங்கிக் கிடக்கிறது, பாருங்கள்!

வயலோரக் கால்வாயில் கண்டது தண்ணீர்ப்பாம்பு. அப்பக்கத்தில் நீர்க்கோலி என்கிறார்கள். உடலெங்கும் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள். கண்ணின் கீழும் பின்னும் சாய்வாக இரண்டு கரும் கோடுகள். மீனும் தவளையும் அதன் உணவு. நஞ்சற்றது, எனினும் சாது அன்று. சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கி நல்லபாம்பு போல் மிரட்டும். பிடித்தால் சதையைக் கிழிக்கும். நீர்க்கோலி கடித்தாலும் இரவுச் சோறு முடங்கும் என்று மலையாள நாட்டில் ஒரு பழமொழி உண்டு. கடித்தது எதுவாயினும் அன்றிரவு கண்விழித்துக் காத்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது.

மிளகுக் கொடியில் நெளிந்து மறைந்தது கொம்பேறி மூக்கன். முதுகில் வெண்கலப் பழுப்பு, விலாவில் இளமஞ்சள் கோடு, பெரிய கண்கள், கயிறு போன்ற மெல்லுடல். கடித்துவிட்டுக் கொம்பேறி நின்று, தான் கடித்தவன் சிதையில் எரியும் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்பது இதன் மீது சுமத்தப்பட்ட பழி. நம்மவர்களை அடக்கம்தான் செய்வார்கள். பாவம், அது காலமெல்லாம் மரத்திலேயே காத்திருக்க வேண்டியதுதான்! உண்மையில் ஓணானுக்கும் தவளைக்கும் அப்பால் அது யாருக்கும் தீங்கு நினைக்காத பாம்பு.

செம்பருத்தி வேலியில் பச்சைப்பாம்பு. கண்ணைக் கொத்தும் என்று சொல்லிக் கண்கொத்திப் பாம்பு என்று பெயரே வைத்துவிட்டார்கள். கூரிய நீண்ட மூக்கும், கிடைக்கோடாக அமைந்த கண்மணியும் அதன் அடையாளம். அதன் பின்பற்களில் மென்மையான நஞ்சு உண்டு. அது பல்லிக்கும் ஓணானுக்கும் போதும், மனிதரைக் கொல்லாது. ஆனால் மலையேறினால் பச்சை நிறத்தில் இன்னொன்று உண்டு, அதுதான் மூங்கில் விரியன். கட்டையான உடல், அகன்ற முக்கோணத் தலை, செங்குத்தான கண்மணி. அது நஞ்சுடையது. ஆகவே பச்சையெல்லாம் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள்.

பள்ளிவாசலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுபுஹுத் தொழுகைக்கு முன், ஒளுச் செய்யும் இடத்தின் கால்வாயில் மண்புழு போன்ற ஒன்று நெளிந்தது. ஒருவர் செவிப்பாம்பு, காதுக்குள் புகுந்துவிடும் என்று செருப்பைத் தேட, வயதான மோதினார் அதை ஒரு காகிதத்தில் ஏந்திப் பூச்செடியின் ஈரமண்ணில் விட்டார். மழைநீர் மண்ணுக்குள் புகும்போது அது வெளியே வரும். கறையான், எறும்பு முட்டைகளே அதன் உணவு. உலகிலேயே மிகச் சிறிய பாம்பினங்களுள் ஒன்று அது. அவ்வினத்தில் ஆண் இல்லை, எல்லாம் பெண். துணையின்றியே முட்டையிட்டுப் பெருகும். பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகின் வெப்ப நாடுகளுக்கெல்லாம் குடிபோய்விட்டது. வல்ல நாயனின் படைப்பு விந்தைகளை நாம் செருப்பு முனையில் தேய்த்துக் கொண்டிருக்கிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மச்சானுடன் பேச்சிப்பாறை சென்றேன். 1906இல் கோதையாற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட அணை அங்கே இருக்கிறது. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். பால் வெட்டும் தொழிலாளர் இருள் பிரியாத விடியலிலேயே தலைவிளக்குடன் இறங்கிவிடுகிறார்கள். உதிர்ந்த சருகுகளின் மேல்தான் அவர்கள் நடை. மண்ணைக் கிளறும்போது மொட்டை வாலுடன் மினுமினுக்கும் ஒரு கறுத்த பாம்பு அங்கே வெளிவரும். அது மண்புழு தின்னும் கவசவால் பாம்பு, தீபகற்ப இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய குடும்பம், முற்றிலும் தீங்கற்றது. அதே சருகுக்குள், சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் மற்றொன்று கூம்பு மூக்குக் குழிவிரியன். ஒன்றரை அடிதான் இருக்கும். தலை முக்கோணம், மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும். நம் நாட்டு மருத்துவமனைகளில் போடும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுவது. இந்தக் குழிவிரியனின் நஞ்சுக்கு அது பயன்படுவதில்லை. சிறுநீரகம் பழுதுபடாமல் காப்பதும், குருதிப்போக்கைக் கவனிப்பதும்தான் மருத்துவர் செய்யக்கூடியவை. சின்னப் பாம்புதானே என்று எண்ணுவதற்கு இடமில்லை.

முக்கோணத் தலை இருந்தால் நஞ்சு, இல்லையேல் நஞ்சில்லை என்று ஒரு பொதுவிதி நம்மிடையே வழங்குகிறது. இதை நம்பாதீர்கள். நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை இல்லை. தீங்கற்ற பூனைப் பாம்புக்குத் தலை அகன்றே இருக்கும். தண்ணீர்ப்பாம்பு சினந்தால் தலையைத் தட்டையாக்கிக்கொள்ளும். இரண்டு பல் பதிந்தால் நஞ்சு, பல பல் பதிந்தால் நஞ்சில்லை என்பதும் அப்படியே. பாம்புகளை ஒவ்வொன்றாக, பெயரோடும் முகத்தோடும் அறிந்துகொள்வதைத் தவிரக் குறுக்கு வழி கிடையாது. உங்கள் வீட்டைச் சுற்றி வருபவை பத்துப் பன்னிரண்டு இனங்களுக்கு மேல் இருக்கமாட்டா. நம் பெண்கள் நாற்பது வகைப் பாத்திரத்தின் பெயரை அறிந்தவர்கள். இது அவர்களுக்கு ஒரு பெரிய காரியமா?

இனி, மற்றொரு பாதி அச்சத்தை நான் வைத்துக்கொண்டிருக்கும் காரணம்.

என் சாச்சா ஒருவர் எங்கள் ஊரில் நெசவுத் தொழில் செய்தவர். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு ரமலான் இரவு, தராவீஹ் தொழுகை முடித்துவிட்டு வந்து, புழுக்கம் தாளாமல் திண்ணையில் பாயை விரித்துப் படுத்தார். சஹருக்கு எழுப்பியபோது வயிறு வலிக்கிறது என்றார். நோன்பு திறந்தபோது குடித்த கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் எண்ணினார்கள். ஓமநீர் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் இமைகள் தாழ்ந்தன. தூக்கக் கலக்கம் என்றார்கள். நாக்குக் குழறியது. பாயை உதறியபோது கறுப்பில் வெண்கோடிட்ட பாம்பு ஒன்று விழுந்தது. உடம்பெங்கும் தேடியும் கடிவாய் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. அப்போது கூட்டத்தில் ஒருவர், நன்கு அறிந்தவர்போல, “இது சுவருல ஏறுற பாம்பு, விஷம் கிடையாது” என்றார். அந்தச் சொல் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. ஆறுதலில் ஒரு மணி நேரம் கழிந்தது. சுபுஹு பாங்கு ஒலிக்கும்போது மூச்சுத் திணறத் தொடங்கியது. மாட்டுவண்டியிலிருந்து வாடகைக் காருக்கு மாற்றி ஏற்றும்போது என் சாச்சாவின் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கட்டுவிரியன் கடி அப்படித்தான். தரையில் உறங்குவோரை நள்ளிரவில் தீண்டும். வலி இராது, தழும்பும் பெரும்பாலும் தெரியாது. வயிற்று வலியும் இமைத் தளர்ச்சியுமே முதல் அறிகுறிகள். இறுதியில் மூச்சுவிடும் தசைகள் செயலிழக்கும். உரிய நேரத்தில் மருந்தும் செயற்கைச் சுவாசமும் கிடைத்தால் பிழைப்போர் பலர். இதை அன்று எங்களுள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்ததாக நினைத்த ஒருவர் மட்டும் இருந்தார்.

தக்கலைக் குளியலறையில் நான் மரம்போல் நின்றது இதனால்தான். சாச்சாவின் பாயிலிருந்து விழுந்ததும், அன்று சுவரில் ஒட்டிக்கொண்டிருந்ததும் என் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. மாமியிடம் இதைச் சொன்னபோது அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: “மக்களே, சுவருல பாத்ததுக்கு நான் பேரு சொல்லுவேன். கடிச்சதுக்கு நான் பேரு சொல்லமாட்டேன். அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு.”

மருத்துவத்தின் முறையும் அதுவே. நான்கு பாம்புகளுக்கும் ஒரே மருந்து என்பதால், கடித்த பாம்பை அடித்து எடுத்துவர வேண்டிய தேவையில்லை. எடுத்துவரப்போய் இன்னொருவர் கடிபட்ட கதைகள் உண்டு. நோயாளியின் குருதியைச் சிறிது சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே விரியன் நஞ்சின் செயலை அறிகிறார்கள். இமையையும் மூச்சையும் கவனித்து மற்றவற்றை அறிகிறார்கள். கடிபட்டவர் ஓடக்கூடாது, நடக்கவும் கூடாது. கடிபட்ட கை காலை, எலும்பு முறிந்ததைப்போல் கட்டை வைத்து அசையாமல் செய்து, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, 108 வண்டிக்குச் சொல்ல வேண்டும். இறுக்கிக் கயிறு கட்டுவதும், கீறி இரத்தத்தை விடுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேடு. ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. வண்டியில் போய்க்கொண்டே ஓதலாம்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறக்குறைய 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்தினர். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024இல் அறிவித்திருக்கிறது. எங்கள் சாச்சா எந்தக் கணக்கிலும் ஏறாதவர்; வயிற்று வலியால் மவுத்தானார் என்றே ஊரில் இன்றும் சிலர் சொல்கிறார்கள்.

புறப்படும் நாளன்று காலை, விறகுப்புரையின் கூரையோரத்தில் சாரை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என் மருமகன் தெருப் பிள்ளைகள் நால்வரை நிறுத்தி, எட்ட நின்று அதன் உதட்டுக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். ஒருவனுக்கும் கையில் கல் இல்லை.

திரும்பும் வழியில் திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கி, உம்மாவுக்கு ஒரு கொசுவலை வாங்கினேன். எழுபத்தைந்து வயதிலும் கட்டிலில் படுக்கமாட்டேன், தரைதான் குளிர்ச்சி என்பவர்கள் அவர்கள். வலையின் ஓரத்தைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிவிட்டால், கொசு மட்டுமன்றிக் கட்டுவிரியனும் உள்ளே வர இயலாது. முதல் நாள் மூச்சு முட்டுகிறது என்று கழற்றி எறிந்தார்கள். சாச்சாவின் பெயரைச் சொன்னேன். அன்றிரவு முதல் தாமே கட்டிக்கொண்டு, நான்கு ஓரத்தையும் செருகிவிட்டு, ஆயத்துல் குர்ஸி ஓதிப் படுக்கிறார்கள்.